எட்டாவது முகம்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மருத்துவர் சொன்ன நடையை நீங்கள் நடக்கமாட்டீர்கள் என்று உங்கள் தம்பி என்னிடம் பந்தயம் கட்டியிருந்தார். அது போன மாதம். இப்போது நான்கைந்து நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை.

பழைய நாடக அரங்கைப் புதுப்பிக்கும் வேலையில் சுதைவேலை முழுவதும் அவருடையது. வரலாறு பார்த்துச் சொல்லக் கமிட்டி என்னை வைத்திருக்கிறது. கூரையில் பெரிய விளக்கைச் சுற்றி எட்டுப் பெண் முகங்கள், தங்க ரேக்கு ஒட்டியவை. நடுவே கொடி, சங்கு, பூச்சரம்; கண் இளைப்பாற ஓர் இடம் கிடையாது. ஒரு முகம் மழைநீரில் கரைந்துபோயிருந்தது. அதற்குப் புகைப்படம் எதுவும் இல்லை. ஆதாரம் இல்லாவிட்டால் வெறுமையாக விடுங்கள் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

போன வாரம் கல்லூரி ஆட்களைக் கூட்டிப்போனேன். சாரத்தின் மேலிருந்து எலெக்ட்ரீஷியன், "டீச்சரம்மா, மேல பாருங்க, நீங்கதான்! அட்டென்டன்ஸ் எடுக்கிற மூக்கு அப்படியே இருக்கு!" என்று கத்தினார். வெறுமையாக விடச் சொன்ன இடத்தில் என் முகம். துறைத்தலைவர் கைதட்டிச் சிரித்தார். ஐம்பதை நெருங்குகிற வயதில் தங்கம் பூசி அந்தரத்தில் தொங்கினால் எப்படி இருக்கும், அண்ணி? உடம்பெல்லாம் கூசியது. இது மோசடி, இப்போதே இறக்குங்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "சரி, இறக்கிடறேன்" என்றவர், தானே ஏணியில் ஏறி உளியால் பெயர்த்தார். அவருடைய ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, "நீயே குப்பையில போட்டுடு" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

அவர் வெளியே போனதும் பிரித்தேன். மூன்று துண்டுகள். சேர்த்து வைத்துப் பார்த்தேன். கீழிருந்து பார்த்தபோது எனக்கு மூக்குதான் தெரிந்திருந்தது. அந்த முகம் சிரிக்கிறது, அண்ணி. பல்வரிசை பிசகி, ஒரு கண் சுருங்கி. வெளியில் நான் அப்படிச் சிரிப்பதில்லை, கையால் மறைத்துக்கொள்வேன். வீட்டிலும் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆதாரம் கேட்டவள் நான். இப்போது படுகிற வெட்கத்துக்கு முன்னால் அன்று அரங்கில் பட்டது ஒன்றுமே இல்லை.

என் கொள்கை தவறென்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவர் ஏறும்போது ஏணியையாவது பிடித்திருக்கலாம்.

அடுத்த வாரம் திறப்பு விழா. கமிட்டி வேறொரு முகம் கேட்கிறது. அவர் முடியாது என்று சொல்லிக் கருவிகளைக் கழுவி வைத்துவிட்டாராம். இனி இந்த வேலைக்கே வரப்போவதில்லை என்றாராம். அவருடைய ஆட்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். கூப்பிடுங்கள். குப்பைக்கு எதுவும் போகவில்லை, என் துணி அலமாரியில் போர்வைக்குள் இருக்கிறது என்று சொல்லுங்கள். மூன்று துண்டையும் ஒட்டினால் மேலே நிற்குமா என்று, நீங்களே கேட்பதுபோல், ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி மனைவி