நேராக்கிய கழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

உறவுமுறை வைத்து எழுத எனக்கு உரிமையில்லை என்று தெரியும். பெயரை மட்டும் போட்டு இரண்டு தடவை தொடங்கினேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். ஊர் மாறிப்போன உங்கள் முகவரியை, நீங்கள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக்கடை முதலாளிதான் எழுதிக் கொடுத்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கியவள் நான். வாங்கிய பன்னிரண்டாம் நாள் அதையே கடைக்குத் தூக்கி வந்து, மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, பத்துப் பேர் கேட்க உங்களை ஏமாற்றுக்காரர் என்று சொன்னவளும் நான்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேரன் கிடையாது. பிள்ளைகளே இல்லை. புதுக் கண்ணாடி வாங்க வந்த அன்று, கல்லாப் பக்கம் நீங்கள் ஒட்டியிருந்த கிட்டார் விற்பனைச் சீட்டைப் பார்த்து விசாரித்தேன். லென்ஸ் தேய்க்கும் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா?" என்று கேட்டீர்கள். எழுபத்திரண்டு வயதில் எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பேரனுக்கு என்றேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் பாடற்குழுவுக்குச் சாதாரணக் கிட்டார் வாசித்தவள் நான். எலெக்ட்ரிக் கிட்டார் மேல் ஆசைப்பட்டதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பிறகு வாய்த்த கணவருக்கு வீட்டில் வானொலிச் செய்தியைத் தாண்டி ஒரு சத்தம் ஆகாது. அவர் போய் நான்கு வருடம் ஆகியும், இருமுவதற்குக்கூட நான் யோசிக்கிற வீடு இது.

நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இங்கே கொண்டுவந்து, என் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, முழு மத்தியானமும் செலவழித்தீர்கள். புதுத் தந்திகள் மாட்டி, கரகரத்த வால்யூம் குமிழைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொரு தந்தியின் உயரத்தையும் சின்னத் திருகால் ஏற்றி இறக்கினீர்கள். "நாப்பத்தாறு வயசாச்சும்மா இதுக்கு. என்னைவிட ஒழுங்கா உழைச்சிருக்கு" என்று சிரித்தீர்கள். கிளம்பும்போது, "கழுத்துல மட்டும் யாரும் கை வைக்காம பாத்துக்கங்க. அது நான் வச்ச அளவு" என்றீர்கள். விரல் வைத்து அழுத்தும் அந்த நீளக் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியையும், தலைப்பக்கம் சின்ன மூடிக்குள் இருந்து அதை இறுக்கித் தளர்த்தும் திருகையும் காட்டியதே நீங்கள்தான்.

எனக்குத் தையல் சொல்லித்தந்த சிஸ்டர், விளிம்பு நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்க மாட்டார். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. நான்காம் நாள் கிட்டாரின் கழுத்தில் இரும்பு ஸ்கேலை வைத்தேன். ஸ்கேலின் இரண்டு முனைகளும் தொட்டன. நடுவில் ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. வளைந்த சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நினைத்தேன். கணவரின் பழைய திருகுச்சாவிக் கொத்தில் பொருந்துகிற ஒன்று இருந்தது. வெளிச்சம் மறையும்வரை திருகினேன். நேராகிவிட்டது. வாசித்தால் தந்திகள் எல்லாம் தகரத்துக்குள் மாட்டிய ஈ போல இரைந்தன.

அதைத்தான் கடைக்குக் கொண்டுவந்தேன். திருகியதைச் சொல்லவில்லை. நீங்கள் கிட்டாரைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் கழுத்தை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரன் ஏதாவது திருகிட்டானாம்மா? சின்னப் பசங்கதானே" என்று கேட்டீர்கள். நான் தப்பிக்க வழியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றீர்கள். நானோ, என் பேரன் அப்படி வளர்ந்தவன் இல்லை என்று சத்தம் போட்டேன். பிறக்காத பிள்ளையின் மானத்துக்காக இருக்கிற மனிதரின் மானத்தை வாங்கினேன். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள். பணம் வேண்டாம், வளைந்திருந்தது என்று ஒப்புக்கொண்டால் போதும் என்றேன். "சரிங்கம்மா, வளைஞ்சுதான் இருந்துச்சு" என்றீர்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

போன வாரம்தான் கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். "யாரும்மா இத இழுத்துக் கட்டினது? கழுத்து துளி வளைஞ்சுதான் இருக்கணும். தந்தி நடுவுலதான் அகலமா ஆடும், அதுக்கு எடம் வேணாமா?" என்றார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றேன். தம்பி, உண்மை தெரிந்த பிறகும் அப்படிச் சொன்னேன். "வித்தவனுக்குக் கை இருக்கு, மூளை இல்ல" என்று அவர் சிரித்தார். நானும் சேர்ந்து புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

நாளை கடைக்குப் போகிறேன். போய் வந்த பிறகே இதைத் தபாலில் சேர்ப்பேன்.

வியாழக்கிழமை.

போய்வந்தேன். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, முன்பு நின்ற இடத்திலேயே நின்று சொன்னேன். கழுத்தைக் கெடுத்தது நான், நீங்கள் கொடுத்தது நல்ல பொருள் என்றேன். பில் போடும் பெண், "அப்ப உங்க பேரன்?" என்றாள். பேரன் இல்லை, வாசிப்பது நான்தான் என்றேன். கண் பரிசோதனைக்குக் காத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனையும். வந்தது, போயிற்று, பெரிதாக வலிக்கவில்லை. வழியில் பழுது பார்ப்பவரிடமும் சொல்லிவிட்டேன்.

வலித்தது வேறு. முதலாளி என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "அன்னைக்கு நீங்க போனதும் நானே சண்டை போட்டேன், ஏன்யா வாயத் தொறக்கலன்னு. 'கழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது. நான் டியூன் பண்றப்பவே அந்தம்மா விரல் தந்திய அழுத்தற மாதிரி மேசைமேல கார்டு புடிச்சிட்டிருந்துச்சு. பேரனுக்குன்னு சொல்லிட்டாங்க, அத நாலு பேர் முன்னாடி ஒடைக்கணுமா'ன்னாரு." மகள் கூப்பிட்டதால்தான் நீங்கள் ஊரைவிட்டுப் போனீர்கள், என்னால் அல்ல என்றும் சொன்னார். நம்பப் பார்க்கிறேன்.

கிட்டார் இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் கிட்டாரோடு நீங்கள் கொடுத்த, சத்தம் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில் இன்னும் மாட்டவில்லை. மாட்டாமல் மீட்டினால் கொசு அளவுக்குச் சத்தம் வருகிறது. எனக்கு இப்போதைக்கு அது போதும். மாட்டிக்கொள்ளுங்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் மாட்டுவேன். எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

லென்ஸ் தேய்க்கும் உங்கள் கைகளுக்கும் கண்களுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். உங்கள் மகளும் அவள் வீடும் நன்றாக இருக்கட்டும். தினமும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அதற்கு அனுமதி கேட்கவில்லை, மன்னியுங்கள்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் அக்கா