துடைக்காத மஞ்சள் வட்டம்

லம்பாசா, சனிக்கிழமை

அன்புள்ள உனைசி,

முகத்தை ஏறெடுத்தே பார்க்காமல் ஒருவருக்கு எப்படிக் கண்ணாடி மாட்டுவது? இத்தனை வருடம் கடை நடத்தியும் எனக்கு விடை தெரியவில்லை, நீயாவது யோசித்து வை. நானும் அப்பாவும் சுகம், மழைதான் நின்றபாடில்லை, டனீடன் நகரத்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நம் ஊர்த் தலைவர் ராத்து மெசுலாமிக்குத் தூரம், பக்கம் இரண்டும் தெரிகிற கண்ணாடி செய்தோம். கண்மணி எங்கே வர வேண்டும் என்று காட்ட அந்த லென்ஸில் மஞ்சள் மையால் ஒரு சிலுவைக் குறியும் வட்டமும் இருக்கும், முகத்தில் மாட்டிச் சரிபார்த்ததும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுவோம். கொடுக்க வேண்டிய அன்று நான் ஊரில் இல்லை, சுவா நகரத்துக்குப் போயிருந்தேன். கடையில் எனக்கு உதவும் வசிதி, தலைவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாமா என்று, தரையில் உட்கார்ந்து, தலை குனிந்து, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, முறைப்படி கை தட்டிவிட்டு வந்துவிட்டாள். துடைக்கவில்லை. பிறகு பார்த்தவர்களும் வாய் திறக்கவில்லை, தலைவர்களுக்கென்றே வரும் உயர்ந்த ரகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நேற்று அவருடைய தம்பி மகன் நெமானி கடைக்கு வந்து, அக்கா, பெரியப்பாவுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் மஞ்சள் வட்டம் வேணும், பவர் எதுவும் வேண்டாம், ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைக்குமா என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அப்படி என்ன ஞாயிற்றுக்கிழமை என்றேன். பெரியப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டதாம், வேதம் வாசிக்க முடியவில்லையாம், சர்ச்சில் வைத்தே தலைமையை இவனிடம் ஒப்படைக்கிறாராம். அது வெறும் அடையாள மை, துடைக்க மறந்துவிட்டோம் என்றேன். ஊருக்கு அது தெரியாதே அக்கா, பெரியப்பாகிட்டயும் சொல்லிடாதீங்க, பாவம், மனசு உடைஞ்சிடுவார் என்றான். இவ்வளவு பாசமான பிள்ளையை நான் கண்டதில்லை. மாலையில் ராத்துவின் வீட்டுக்குப் போனேன், ஓய்வெடுக்கிறார் என்று அந்தப் பாசமான பிள்ளையே வாசலில் நின்று திருப்பி அனுப்பினான். திரும்பி வந்தபோது, அவன் மஞ்சள் நகப்பூச்சு வாங்கிப் போனதாக வசிதி சொன்னாள்.

ஆக, நாளை ஊர் முன்னால்தான் துடைக்க வேண்டும். தலைவரின் தலைப் பக்கம் கை நீட்டினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நீ கையை வச்சா இந்த ஊர்ல நமக்குக் கடையும் கிடையாது, எனக்குச் சபையில குடிக்கக் கவாவும் கிடையாது என்று உன் அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். கடையை விடக் கவாவுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்.

கடவுள் உன்னோடு இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதே, எத்தனை முறை சொல்வது.

உன் அம்மா,
செரெயானா

ஞாயிறு மாலை: உறையை இன்னும் ஒட்டவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். சர்ச் வாசலில் ராத்துவை மறித்து, துலோ, துலோ என்று மன்னிப்புக் கேட்டபடியே கை நீட்டிக் கண்ணாடியைக் கழற்றினேன். யாரோ ஐயையோ என்றார்கள். துடைத்து மாட்டி, காதுப் பக்கத்தையும் சரிசெய்தேன். அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கண்ணாடியில் புது நகப்பூச்சு வட்டம் மின்ன நின்ற நெமானியைப் பார்த்தார். டேய், உன் கண்ணாடியில என்னடா அழுக்கு, துடைச்சிட்டுப் போய்ப் பின்னாடி உட்காரு என்றார். பிறகு வேதத்தைத் தானே எடுத்து வாசித்தார். இருப்பதிலேயே நீளமான அதிகாரமாகப் பார்த்து.