மூன்றாவது பொத்தான்

ஜூன் 16, திங்கள்

லிசாவுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. வாயில் மொத்தம் பதினோரு வார்த்தை. அம்மா, பாலு, வேணா, போ... எல்லாம் ஒற்றை ஒற்றையாய். இரண்டைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை. அதற்குத்தான் வட்டார வள மையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மதிவதனி டீச்சர் வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். மணி கோக்கச் சொன்னார், சட்டைப் பொத்தான் போடச் சொன்னார். இரண்டும் வரவில்லை.

"பேச்சு தடுமாறுற புள்ளைங்க நெறைய பேருக்குக் கையும் தடுமாறும்மா. ரெண்டையும் சேத்துதான் பாக்கணும். வூட்டுல எல்லாத்தையும் நீங்களே செஞ்சி வுடாதீங்க. களிமண்ணு குடுங்க, பெசையட்டும்."

பேச்சுக்குப் போனால் பொத்தானாம்! எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

ஜூன் 18

மண்ணுக்கா பஞ்சம்? பீங்கான் கம்பெனியில் பொம்மை வார்க்கிறவள் நான். ஒரு உருண்டை கொண்டுவந்தேன். லிசா அதைக் கட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஜூலை 29

முதல் பொத்தான்! அரை மணி நேரம் ஆனது. நான் எதிரில் உட்கார்ந்து "போடு கண்ணு, போடு" என்று சொன்னதோடு சரி, தொடவில்லை. என் கை பரபரத்தது கர்த்தருக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். புதுச் சட்டையில் மூன்று பொத்தானை அவளே போட்டாள். கழுத்துக்கிட்ட இருக்கிற நாலாவதுதான் பாக்கி. என் வீட்டுக்காரர் ஜூடு திரும்பியும் பார்க்கவில்லை. "பொத்தான் போட்டா பேச்சு வந்துருமா, பாக்கியம்?" வேப்பூரில் அவர் வேலை செய்கிற ஹோட்டலுக்குச் சாப்பிட வந்த யாரோ, சென்னையில் பேச்சு வர ஸ்டெம் செல் ஊசி போடுகிற கிளினிக் இருக்குது என்றார்களாம்.

செப்டம்பர் 20

போய் வந்தோம். டாக்டர் கம்ப்யூட்டரில் படம் காட்டினார். ஒரு கண்ணாடித் தட்டில் மயிரிழை மாதிரி கோடுகள். அதில் விட்ட செல், கோடு போன வழியிலேயே வளர்கிறது. "இடுப்பெலும்புலருந்து எடுத்து முதுகுல ஏத்துவோம். மூளையில எங்க குறையோ அங்க போயி வளரும்."

ஜூடுகூடக் கொஞ்சம் தயங்கினார். சரி என்றவள் நான். தினமும் பொம்மை அச்சில் மண்கூழ் ஊற்றுகிறேன். யானை அச்சில் யானை வருகிறது, ஒருநாளும் தப்பியதில்லை. செல்லும் அப்படித்தானே?

செப்டம்பர் 22

தட்டு, அச்சு எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. "அது தட்டுல நடக்குறதும்மா. புள்ள தலைக்குள்ள அச்சு எங்க இருக்குது? இதுக்கு இன்னும் யாரும் அனுமதி குடுக்கல. கெஞ்சிக் கேக்குறேன், வேணாம்."

"பொத்தான வுட்டா ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11

ஊசி போட்டாகிவிட்டது. "வேணா, வேணா" என்று கதறினாள். கையைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.

அக்டோபர் 13

காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது. கிளினிக்குக்குப் போன் போட்டால், "ஊசி போட்டா அப்படித்தாங்க இருக்கும், மாத்திரை குடுங்க" என்கிறார்கள். கழுத்து மடங்கவில்லை. அதுவும் அப்படித்தான் இருக்குமா?

அக்டோபர் 15, புதுச்சேரி ஆஸ்பத்திரி

மூளைக்காய்ச்சல். ஊசி போன வழியாகத்தான் கிருமி போயிருக்கும் என்கிறார்கள்.

அக்டோபர் 16

மாதாவே, பேச்சே வேணாம். புள்ள மட்டும் போதும்.

நவம்பர் 9

வீடு வந்தோம். உயிர் மிஞ்சியது. வலது கை நடுங்குகிறது, ஸ்பூன் நிற்கவில்லை. பழையபடி ஆகுமா என்று கேட்டேன். பெரிய டாக்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே "பார்ப்போம்" என்றார்.

ஜூடு என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று ஒரே ஒரு தடவை சொன்னார். "நீதானே சரின்ன." ஆமாம், நான்தான். இருந்ததை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போன பாவி நான்தான்.

நவம்பர் 24

மதிவதனி டீச்சரே வீடு தேடி வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லிசாவின் விரல்களை ஒவ்வொன்றாய் நீவிவிட்டு, "மொதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு லீவு முடிந்து ஸ்கூல் திறந்தது. சட்டையை மாட்டிவிட்டு, முன்பு போலவே எதிரில் உட்கார்ந்தேன். "போடு கண்ணு."

விரல் பொத்தானைத் தொடும், நழுவும். மறுபடி தொடும், நழுவும். ஒன்றுகூட ஏறவில்லை. கடைசியில் இரண்டு கையையும் மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா போடு."

இரண்டு வார்த்தை. சேர்த்து. தெளிவாக.

நாலு பொத்தானையும் நானே போட்டுவிட்டேன்.