கேப்டன் பூங்காவுக்குள் பூட்ஸ் சத்தம்

அக்கா,

இன்று காலை என் மகள் எனக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்ததும் தோல் வாசனை வீடு முழுக்கப் பரவியது. அளவு சரியா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்க, எனக்கு உன் முகம்தான் வந்து நின்றது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. செருப்புக் கடைப் பக்கம் போனால்கூட உன் சிரிப்புக் கேட்கிறது.

கும்மிடிப்பூண்டியைச் சுற்றிக் கம்பெனிகள் வராத காலம் அது. ஆரம்பாக்கம் பக்கத்து வயல்களில் நீயும் நானும் நாற்று நட்டுக்கொண்டிருந்தோம். நம் காலனியிலிருந்து ரயிலடிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டித்தான் ஆகவேண்டும். தெரு முனை வந்ததும் நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். யாரும் அதட்ட வேண்டியதில்லை, கால் தானாக நின்றுவிடும். தாய் தகப்பன் இல்லாத உன் தம்பியை அந்த நடவுக் கூலியில்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தாய். அவன் பட்டாளத்தில் கேப்டன் ஆனான். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய டிரங்குப் பெட்டிதான் வந்தது, உள்ளே ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ்.

ஊரும் அழுதது, பொய் சொல்லக் கூடாது. ஊரும் காலனியும் சேர்ந்துதான் ரயிலடி ரோட்டில் அவன் பேரில் பூங்கா போட்டோம். அரிசி மில் முதலாளி கமிட்டித் தலைவர். நல்ல மனுஷன்தான். திறப்பு விழாவுக்கு முதல் நாள் பக்தி கூடிப்போய் வாசலில் ஒரு பலகையை மாட்டிவிட்டார்: ‘செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.’ செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன நீ, அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தாய்.

நினைவுக் கல்லைத் திறந்துவைக்க வேண்டியவளே நீதான். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். கோயிலுக்குக் காட்டுகிற மரியாதைதானே அம்மா என்று அவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். நீ குரலை உயர்த்தவில்லை.

“என் தம்பி பூட்ஸ் போட்டுக்கினு செத்தவன், நைனா. அவன் ஜனம் அவன் எடத்துக்கும் செருப்ப கையில தூக்கினு வரணுமா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நம் ஜனத்துக்கும் பயம்தான். விழாவும் போச்சு, ஊரோடு இருந்த உறவும் போச்சு என்று வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு. நீ எப்போதும் சொல்வதையே சொன்னாய்: “காலு நம்மளுது, ரோடு சர்க்காருது. நடுவுல இன்னா?”

மறுநாள் காலை தம்பியின் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாய். பழந்துணி அடைத்தும் அது காலில் நிற்காமல் லொடலொடத்தது. வாத்து மாதிரி நடக்கிறாய் என்று நான் கேலி செய்தேன், நீயும் சிரித்தாய். உன் பின்னால் காலனியே கிளம்பியது. செருப்பு இல்லாதவர்கள் இரவல் வாங்கினார்கள். எனக்கு அன்றுதான் முதல் செருப்பு. தெரு முனையில் எல்லோருக்கும் பழக்கத்தில் கால் நின்றது. உன் பூட்ஸ் மட்டும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நாங்களும் நடந்தோம். வீட்டு வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை.

பூங்கா வாசலில் பலகை இல்லை, ஆணி அடித்த ஓட்டைதான் இருந்தது. மில் முதலாளி காலில் செருப்போடு உள்ளே நின்றுகொண்டு, “வாம்மா, அப்படியே வா” என்றார். நீ போய்த் திரையை இழுத்தாய். நாம் ஜெயித்தோம், அக்கா. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

பிறகு கம்பெனிகள் வந்தன. நம் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். இந்தக் கதையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாமலே இருக்கட்டும், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அன்று செருப்பு கடித்த தழும்பு என் குதிகாலில் இன்னும் இருக்கிறது. சாயங்காலம் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகவே பூங்காவுக்குப் போய் வந்தேன். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, அக்கா.