பில்லில் வந்த நம்பர்

நாகலாபுரம்
24.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? மக்காச்சோளத்தில் இரண்டாம் களை தொடங்கிவிட்டது.

நீங்கள் தந்த சிம்மை இத்துடன் வைத்திருக்கிறேன். "மாசாமாசம் பில்லை நான் கட்டுதேன், நீ ரீசார்ஜுக்கு அலைய வேண்டாம்" என்று ஆகஸ்டு கடைசியில் ஆசையாகத்தான் போட்டுவிட்டீர்கள். நான் யாரிடம் பேசினேன் என்ற பட்டியலும் பில்லோடு உங்களுக்கு வருமென்று எனக்குத் தெரியாது. ஒரே நம்பர் இருபத்தாறு தடவை இருந்ததாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த நம்பருக்கே போட்டு, "ஏலே, என் பொண்டாட்டிகிட்ட உனக்கென்ன பேச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது நம் தெரு வெயிலம்மாக்காவின் மகன் கொம்பையா, திருப்பூரில் வேலை பார்க்கிறான். அக்கா போனில் ரீசார்ஜ் தீர்ந்து இரண்டு மாதமாகிறது. சாயங்காலம் என் போனில்தான் மகனோடு பேசுவாள். இப்போது ஒரு வாரமாக என் பக்கத்தில் களையெடுக்கக்கூட உட்காருவதில்லை. "அவியளுக்குப் பிடிக்கலன்னா நமக்கு எதுக்கு தாயி" என்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது.

எட்டயபுரம் செய்யது அலி அண்ணாச்சி கடைக்குப் போய் என் பழைய சிம்முக்கு இருபத்தெட்டு நாள் ரீசார்ஜ் போட்டேன். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால், பத்து வருசமாக என் பேரில் இருந்த நம்பர் வேறு யாருக்கோ போயிருக்குமாம். அது பிழைத்ததே போதும். அக்காவுக்கு நீங்கள் பதில் சொல்லும்வரை உங்கள் போனை எடுக்க மாட்டேன்.

செல்வலட்சுமி

ஓசூர்
30.11.2024

அன்புள்ள செல்விக்கு,

ஒன்பது தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். சொன்னால் சொன்னதுதான் உனக்கு.

தப்பு என்னுடையது. கொம்பையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அம்மைதான் ரொம்ப அழுதா சித்தப்பா" என்றான். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயிலம்மாக்கா போனுக்கு இங்கிருந்தே ரீசார்ஜ் போட்டுவிட்டு அவரிடமும் பேசினேன். "சரி, முதல்ல அவகிட்ட சொல்லும்" என்று வைத்துவிட்டார். உன்னிடம் சொல்ல இந்தக் கடிதம்தான் இருக்கிறது. பில் சிம்மை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பட்டியல் இனி வராது.

உன் சோலைராஜ்

நாகலாபுரம்
6.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

நேற்று சாயங்காலம் வெயிலம்மாக்கா வீட்டுக்கு வந்தாள். அவள் போனில் நீங்கள் போட்ட ரீசார்ஜ் இருக்கிறது. இருந்தும், "ஏட்டி, உன் போனைத் தா" என்று கையை நீட்டினாள். அரைமணி நேரம் மகனோடு பேசினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, என் நம்பரில் இருந்து நானே உங்களைக் கூப்பிடுகிறேன். எடுங்கள்.

உங்கள் செல்வி