இரண்டாவது படம் வரும்வரை

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குறைவின்றி இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி நீ வேறு முடிவுக்கு வந்துவிட்டாய் என்பது நேற்று வீட்டுத் தரகர் அளவு நாடாவோடு வந்தபோது தெரிந்தது. என் நாற்காலிக்கு அடியில் நாடாவை இழுத்து, கொஞ்சம் காலைத் தூக்குங்கம்மா, பொண்ணு சீக்கிரம் முடிக்கச் சொல்லிருக்காங்க என்றார். தூக்கினேன். வீட்டுக்கு வந்தவரிடம் முகம் சுளித்துப் பழக்கமில்லை. ஆனால் நீ அனுப்பிய வீட்டு விற்பனைத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன்; அதனால் எழுதுகிறேன். அத்தை இதைப் படமெடுத்து இன்றே அனுப்புவாள்.

என் மூளைப் படம் மங்கலாக இருக்கிறது, மறதி நோயின் தொடக்கம் என்று டாக்டர் உன்னிடம் சொன்னது மெய்தான். ஆனால் படம் எடுத்த அன்று நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, சரியாக இருக்கிறது என்று உட்கார வைத்தார்கள். ஊசியில் ஏற்ற வேண்டிய மருந்து வரத் தாமதம். அதற்குள் நீ அத்தையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மா பசி தாங்க மாட்டாங்க அத்தே, ஏதாச்சும் குடிக்கக் குடுங்க என்றாய். அவள் ஒரு பெரிய பாட்டில் பழரசத்தை வாங்கி வந்து, குடிங்க அண்ணி, இல்லேன்னா உங்க பொண்ணு என்னைக் கொன்னுடுவா என்று ஒரு சொட்டு விடாமல் குடிக்க வைத்தாள். ஊசி போடும் பெண் வந்து, எதுவும் சாப்பிடலையே என்று கேட்டபோது, பச்சத் தண்ணிகூடப் பல்லுல படலம்மா என்று அத்தையே முந்திக்கொண்டாள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம் அவளுக்கு. அயலார் முன் அவளைப் பொய்க்காரியாக்க எனக்கு மனம் வரவில்லை.

தரகர் போனதும் அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், கேள்வி புரியாமல் விடையை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு படத்தை நம்பி வீடு போகுமென்றால் அதை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏற்றும் மருந்தும் ஒருவகைச் சர்க்கரைதானாம். மூளையில் வேலை நடக்கிற இடம் அதை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியுமாம். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை ஏறியிருந்தால் மூளை அதிலேயே பசியாறிவிடும், மருந்தைச் சரியாக எடுக்காது. நல்ல மூளைகூட நோய் பிடித்தது போல மங்கித் தெரியலாமாம். உன் அத்தை அங்கேயே பழரசத்தைச் சொல்லி ஓவென்று அழுதாள். டாக்டர் தலையில் கை வைத்து, அன்னைக்கே சொல்லிருக்கக் கூடாதாம்மா என்றார். அப்படியானால் எனக்கு நோய் இல்லையா என்றேன். இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் செய்யலாம், மறுபடி எடுத்தாத்தான் தெரியும் என்றார்.

வியாழக்கிழமை எடுக்கிறார்கள். உன்னிடம் மறைக்க மாட்டேன் சிட்டு. பால் பாத்திரம் தீய்ந்ததும் மெய், உன் சின்னவன் பெயர் போன வாரம் அரை நாள் எனக்கு வராமல் போனதும் மெய். அதற்கெல்லாம் பழரசம் காரணமில்லை. அதை யோசித்தால் தூக்கம் வருவதில்லை.

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஆசிகள். வியாழன் காலை அத்தையைக் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவாள். தரகரை அதுவரை நிறுத்தி வை. இரண்டாவது படமும் அதையே சொன்னால் நீ கேட்க வேண்டாம், நானே கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். எதில் போடுகிறேன் என்று தெரிந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா