அப்பாவுக்கு இரவல் குரல்

மார்ச் 4
எடிட்டிங் முடிந்தது. என் முதல் படம். நான்கு கதைகள், நான்கும் ஒரு டாக்சியில் வந்து முட்டிக்கொள்கின்றன. சிங்கப்பூர்த் தெருக்களில் ஆயுசு முழுக்க டாக்சி ஓட்டிய அப்பாவையே டாக்சிக்காரராக நடிக்க வைத்தேன். படம் மாண்டரினில், அதாவது பள்ளிக்கூடத்துச் சீனத்தில். அப்பாவுக்கு அது கேட்டால் புரியும், பேச வராது; பேசுவதெல்லாம் ஹொக்கியன் என்கிற வீட்டுச் சீனம்தான். புருஷனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டு இறங்க மறுக்கிற பெண்ணிடம், "ஏம்மா, இறங்குறியா, இல்ல பின்சீட்டுலயே குடித்தனம் நடத்தப் போறியா?" என்று ஹொக்கியனில் அவராகவே ஒன்று போட்டார். கேமராக்காரன் சிரித்ததில் படம் ஆடிவிட்டது. அப்படியே வைத்திருக்கிறேன்.

மார்ச் 11
தயாரிப்பாளர் குவெக் கூப்பிட்டார். சீனாவில் வாங்குகிறவர்களுக்கு முழுக்க மாண்டரின் வேண்டுமாம்.
"குரலை மட்டும் மாத்திடு, பெக் கூன். மூஞ்சி உங்கப்பா மூஞ்சிதானே?"
கீழே எழுத்துப் போடலாமே என்றேன்.
"முதல் படம்மா உனக்கு. அடம் பிடிச்சா பொட்டியிலயே கிடக்கும்."

மார்ச் 12
சரி என்று சொல்லிவிட்டேன். சீ!

மார்ச் 20
டப்பிங். வானொலியில் செய்தி வாசிக்கிற ஆளைப் பிடித்திருக்கிறார்கள். "அம்மணி, தாங்கள் இறங்க விரும்புகிறீர்களா?" — அந்த மாதிரிதான் இருந்தது. அப்பாவின் வாய் அசைகிறது, எவனோ பேசுகிறான். அப்பாவிடம் இதை எந்த வாயால் சொல்வேன்? சொல்லவில்லை.

ஏப்ரல் 26
முதல் காட்சி. அப்பா தலைக்குச் சாயம் பூசி, புதுச்சட்டையில் வந்திருந்தார். பின்சீட்டு வசனம் வந்தது. அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.
வெளியே வந்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நல்லாத்தான்டி இருக்கு. பெரிய ஆபீசர் கணக்கா பேசறேன்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.
திட்டியிருக்கலாமே அப்பா. நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டித் தொலைத்திருக்கலாமே!
அண்ணன் மகள் ஷின்யி வேறு. அவளுக்கு ஹொக்கியன் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "தாத்தா, இன்னிக்குத்தான் நீங்க பேசுறது எனக்குப் புரிஞ்சுது!"
கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மே 9
படம் விற்றுவிட்டது. குவெக் அடுத்த கதை கேட்கிறார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தோன்றாமலே போகட்டும்.

ஜூன் 2
அப்பா வீட்டுக்குப் போனேன். ஷின்யி அவருக்கு மாண்டரின் சொல்லிக்கொடுக்கிறாளாம், தினமும் உட்கார்ந்து படிக்கிறாராம். அண்ணி பெருமையாகச் சொன்னாள்.
என்னைக் கண்டாலே "வந்துட்டாளா மகாராணி!" என்று ஆரம்பிக்கிற மனுஷன். இன்று எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, அந்தச் செய்திக்காரனின் இழுவையோடு சொன்னார்:
"மகளே, வருக. அமர்க."
ஷின்யி கைதட்டினாள். நானும் மாண்டரினிலேயே நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.
சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.